எந்த அறைக்கு எந்த விளக்கு?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் என் மாமனார் காலத்து வீட்டில் குடியிருக்கிறோம். முன்னால் உள்ள ஹால் மட்டும் மெட்ராஸ் டெரஸ். 12 அடிக்கு 15 அடி, தேக்குக் கட்டைகள் தெரியும்படி பதினொன்றரை அடி உயரம். அதற்குப் பின்னால் பிற்பாடு கட்டிய கான்கிரீட் பகுதியில் நடு அறை, படுக்கையறை, சமையலறை, குளியலறை உள்ளன. அங்கு உயரம் ஒன்பது அடி. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருப்பதால் நடு அறையில் பகலிலேயே விளக்கு எரிய வேண்டும். பிளஸ் டூ படிக்கும் மகள் அங்கேதான் படிக்கிறாள். பெயின்ட் அடிக்கிற கையோடு விளக்குகளையும் மாற்ற நினைக்கிறோம். கடைக்காரர், வீடு முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஹாலில் எட்டும் மற்ற அறைகளில் மூன்று மூன்றுமாக 15 வாட் பேனல் லைட்டுகளைப் பதிக்கச் சொல்கிறார். எல்லாம் பளிச்சென்ற வெள்ளை. என் கணவருக்கும் அதுவே பிடித்திருக்கிறது. ஒரு கண்ணில் புரை அறுவை செய்துகொண்ட மாமியாருக்கோ இப்போதிருக்கும் வெள்ளை பல்பே கண்ணைக் கூசுகிறது. எந்த அறைக்கு எப்படிப்பட்ட விளக்கு வாங்கலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். அறைகளின் நீள அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலான கடிதங்களில் இந்த விவரம் இருப்பதில்லை. அது இல்லாமல் விளக்கைப் பற்றிச் சொல்வதெல்லாம் பொத்தாம் பொதுவாகவே முடிந்துவிடும். கடைக்காரர் எத்தனை விளக்கு என்ற கணக்கிலிருந்து தொடங்கியிருக்கிறார். அது கடைசியில் வர வேண்டிய கணக்கு. யார் எந்த இடத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் முகம் வைத்து, என்ன வேலை செய்கிறார் என்பதை முதலில் அறை அறையாகப் பார்த்துவிட்டால், விளக்கு எங்கே வர வேண்டும் என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும்; வாட்டும் நிறமும் அதற்குப் பிறகுதான்.

ஹாலில் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகளின் மேல் செங்கற்களை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய கூரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எங்கேனும் கசிந்தால், இப்போது கட்டையில் ஈரக் கறை தெரிந்து நீங்கள் உடனே ஆள் வைத்துச் சரிசெய்துவிடுவீர்கள். ஜிப்சம் பலகையால் மூடிவிட்டால் அந்தக் கறை கண்ணுக்குத் தெரியாது. பலகை ஊறித் தொய்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் ஈரமான இருட்டில் கரையான் கட்டையைப் பதம் பார்த்திருக்கும். தேக்கு என்பதால் கரையான் வராது என்று சிலர் சொல்வதுண்டு. எளிதில் வராது என்பது உண்மை. ஆனால் பல காலம் நனைந்து காய்ந்த கட்டைக்கு, அதிலும் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிக்கு, அந்த உத்தரவாதத்தை யாரும் தர முடியாது. இந்தக் கூரையில் எதை மாட்டினாலும் கட்டையில் மாட்ட வேண்டும், செங்கல் பகுதியைத் துளைக்கக் கூடாது என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். டிரில்லிங் அதிர்வில் காரை விட்டுப்போன ஒரு செங்கல்லே பிறகு ஒழுகும் இடமாகிவிடும். கட்டையில் சிறிய துளை இட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு போட்டு, வயரைக் கட்டையின் பக்கவாட்டில் பிவிசி கேசிங்கில் கொண்டுபோனால் கீழிருந்து பார்ப்பவருக்கு அது உறுத்தாது.

இனி, ஹாலுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை? வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம்; லுமென் என்பது அது கொடுக்கும் ஒளி. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 700 முதல் 800 லுமென். இன்று அதை 8 அல்லது 9 வாட் எல்இடி பல்பு தந்துவிடுகிறது. உங்கள் ஹால் 180 சதுர அடி, அதாவது சுமார் 17 சதுர மீட்டர். உட்கார்ந்து பேச, தொலைக்காட்சி பார்க்க, மேலோட்டமாகச் செய்தித்தாள் புரட்ட, சதுர மீட்டருக்கு 150 லுமென் வந்து சேர்ந்தால் போதும். அந்தக் கணக்கில் 2,500 லுமென் ஆகிறது. கறுத்த கட்டைகளும் உயரமும் சேர்ந்து ஏறக்குறைய பாதி ஒளியை விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டாலும் 5,000 லுமெனுக்கு மேல் தேவையில்லை. கடைக்காரர் சொல்லும் எட்டு பேனல்கள் பத்தாயிரம் லுமெனைத் தாண்டும். அவ்வளவும் ஒரே சுவிட்சில் இருந்தால் 120 வாட். தினமும் ஐந்து மணி நேரம் எரித்தால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட் அதற்கே போய்விடும். அத்தனை யூனிட்டை ஹால் விளக்குக்கே கொடுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. தலா 20 வாட் எல்இடி டியூப்லைட் இரண்டு, பால் நிற மூடி போட்டது, எதிரெதிர் நீளச் சுவர்களில் வையுங்கள். ஏறக்குறைய 4,000 லுமென் கிடைக்கும், செலவு 12 யூனிட்டுக்குள் அடங்கும். மீதத்தை மாமியார் நாற்காலியின் பக்கத்து விளக்கு ஈடுகட்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். சுவருக்கு வெள்ளையோ வெளிர் சந்தனமோ அடிப்பதாக இருந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும். கரும்பச்சை, அடர் நீலம் என்று போனால் இன்னும் ஒரு விளக்கு கேட்கும்.

மேலே கட்டையில் மாட்டாமல் சுவரில் ஏன் என்று கேட்பீர்கள். காரணம் மின்விசிறி. இறக்கைகளுக்கு மேலே, விசிறிக்கு அருகில் விளக்கு இருந்தால், சுற்றும் இறக்கை ஒளியை வெட்டி வெட்டி விடும். அந்த நிழல் சுவரிலும் தரையிலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபால்ஸ் சீலிங்கில் விசிறியைச் சுற்றி வட்டமாகப் பேனல் பதித்த வீடுகளில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தலை கனப்பது இதனால்தான். விளக்கு இறக்கையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். முடியாவிட்டால் இறக்கை நுனியிலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் ஹாலில் விசிறி ஒன்பதரை அடியில் சுற்றுகிறது என்றால், சுவர் விளக்கை எட்டரை அடியில் வைத்தால் நிழலும் ஓடாது. சோபாவில் உட்காருபவர் கண்ணில் நேராகவும் அடிக்காது. இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச் கேளுங்கள். வீட்டில் விருந்தாளி இல்லாத நாளில் ஒன்றே போதும்.

உங்கள் மாமியாரின் கண் கூச்சத்தை வீட்டில் யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புரை இருக்கும் கண்ணில், உள்ளே வரும் ஒளி சிதறுவதால் சின்ன விளக்கும் பூதாகரமாகப் பளிச்சிடும். அறுவை செய்த கண்ணிலோ மஞ்சளித்த பழைய லென்ஸ் போய்ப் புது லென்ஸ் வந்துவிட்டதால் வெள்ளையெல்லாம் நீலம் பாய்ந்ததுபோல் தோன்றும். ஒரு கண்ணுக்கு ஒன்றும் மறு கண்ணுக்கு இன்னொன்றுமாகத் தெரிகிற காலத்தில் 6,500 கெல்வின் (விளக்கின் நிறத்தைக் குறிக்கும் அளவு) நீல வெள்ளையைத் தலைக்கு மேல் வரிசையாகப் பதித்தால் அவர் ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார். அதே சமயம், வயதான கண்ணுக்கு வெளிச்சம் குறைவாகப் போதும் என்பதும் தவறு. உங்கள் மகளைவிட அவருக்குக் கூடுதல் வெளிச்சமே வேண்டும். அது கண்ணில் விழாமல் கையில் இருக்கும் பத்திரிகையில் விழ வேண்டும், அவ்வளவுதான். எனவே அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு ஒரு பக்கமாக, மேலே உள்ள கட்டையிலிருந்து ஒயரில் தொங்கும் ஒரு விளக்கை, கீழ்ப்பக்கம் மட்டும் திறந்த மூடியுடன், தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் இறக்குங்கள். நடக்கிற வழியில் இல்லாமல் சுவர் ஓரமாக இருந்தால் தலையில் இடிக்காது. அதில் 9 வாட், 3,000 கெல்வின் பல்பு போதும். ஃபால்ஸ் சீலிங்குக்காக ஒதுக்கிய பணத்தில் சிறு துண்டுகூட இதற்கு ஆகாது.

விளக்கு நிறம் பற்றி உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்றிருந்தால் இளமஞ்சள், 4,000 என்றால் காலை வெயில் ஏறிய பிறகு வரும் சாதா வெள்ளை, 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. பளிச்சென்று இருப்பதால் 6,500 அதிக வெளிச்சம் தருவதாக ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. ஒரே லுமென் உள்ள இரண்டு விளக்குகளில் நிறம் மாறுமே தவிர ஒளியின் அளவு மாறாது. இரவில் நீல ஒளி அதிகமாகக் கண்ணில் பட்டால் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும் என்பதும் நிறுவப்பட்ட செய்தி. ஆகவே ஹாலின் இரு டியூப்லைட்டுக்கும் 4,000 கெல்வின் வாங்குங்கள். உங்கள் கணவர் விரும்பும் தெளிவு அதில் குறையாது. சுவிட்சைத் தட்டத் தட்ட மூன்று நிறம் மாறும் விளக்குகளைக் கடையில் காட்டி ஆசை காட்டுவார்கள். தனி விளக்காக இருந்தால் வாங்கலாம். ஒரே சுவிட்சில் இரண்டு மூன்றை இணைத்தால், நாளடைவில் ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் எரிந்து வேடிக்கை காட்டும்.

நடு அறைதான் உண்மையில் நீங்கள் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம். சுவரோடு சுவர் ஒட்டிய வடசென்னை வீடுகளில் இந்த அறைக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். விளக்கு நாளெல்லாம் எரியும். வாட்டுக்கு 100 லுமெனுக்குக் குறையாமல் தரும் 20 வாட் டியூப்லைட் ஒன்றை, 4,000 கெல்வினில் எடுங்கள். மூடியில்லாத பழைய 40 வாட் டியூப்லைட், சோக்கையும் சேர்த்தால் 50 வாட் வரை இழுக்கும். அது இன்னும் அந்த அறையில் இருந்தால் முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும். மகளின் மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அறை நடுவே விளக்கு இருந்தால் அவள் தலையின் நிழலே நோட்டில் விழும். மேசைக்கு நேர் மேலே, சுவரில் ஏழரை அடி உயரத்தில் டியூப்லைட் வரட்டும். கூரை ஒன்பது அடி என்பதால் விசிறி எட்டு அடியில் சுற்றும், விளக்கு அதற்குக் கீழே அமைந்துவிடும். இதோடு, வலக்கைப் பழக்கம் என்றால் மேசையின் இடப்பக்கம் ஒரு மேசை விளக்கு வையுங்கள். எழுதும் தாளில் 300 முதல் 500 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை லுமென், விழ வேண்டும். அதைக் கூரை விளக்கிலிருந்து மட்டும் வரவைக்க முயன்றால் அறை முழுக்கக் கண் கூசும். முடிந்தால் வெளிப்புறத் தாழ்வாரத்தின் பக்கம் உள்ள கதவுக்கு மேல் ஒரு கண்ணாடி வெண்டிலேட்டரும் வைத்துவிடுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய கொத்து வேலை அது.

சமையலறையில் நடப்பது இன்னும் வெளிப்படை. வழக்கமாகக் கூரையின் நடுவில் ஒரு விளக்கு இருக்கும். நீங்கள் அடுப்பு மேடையைப் பார்த்து நிற்பீர்கள். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால். வெங்காயம் நறுக்கும் பலகையில் உங்கள் தோளின் நிழல் விழும். இன்னும் இரண்டு பேனலைக் கூட்டினாலும் அவையும் பின்னால்தான் இருக்கும் என்றால் நிழல் போகாது. பரண் அல்லது மேல் அலமாரியின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி, 10 வாட் மெலிந்த டியூப்லைட் ஒன்றைப் பொருத்தினால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு மாதத்தில் அதைப் பழுப்பாக்கிவிடும். பொதுவான வெளிச்சத்துக்குக் கூரையில் மூடிய விளக்கு ஒன்று, ஈரத்துணியால் துடைக்கும்படியானது.

சமையலறை விளக்குக்கு முக்கியமாகப் பெட்டியில் சிஆர்ஐ 90 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. 100 முழு மதிப்பு, சாதாரணமாகக் கடையில் வருவது 80. எம்.சி. ரோட்டில் ராமர் பச்சை என்று எடுத்த புடவை வீட்டுக்கு வந்ததும் வேறு பச்சையாகத் தெரிவது இந்த வித்தியாசத்தால்தான். மட்டமான விளக்குகளில் சிவப்பு முதலில் அடிபடும். காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த வஞ்சிரத்தின் செவுள் இன்னும் செக்கச்செவேலென்று இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா என்பதை அந்த வெளிச்சத்தில் சொல்ல முடியாது. பீரோ இருக்கும் இடத்துக்கும் இந்த 90 வாங்கினால் நல்லது; மற்ற இடங்களுக்கு 80 தாராளம்.

படுக்கையறைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தலையணைக்கு நேர் மேலே விளக்கு வரக் கூடாது. பீரோவின் பக்கமாகக் கூரையில் 12 வாட் விளக்கு ஒன்று, 3,000 கெல்வினில், தலைமாட்டில் 5 வாட் சுவர் விளக்கு ஒன்று. மாமியார் இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும் வழியில் முழங்கால் உயரத்தில் அரை வாட் இரவு விளக்கு. கூரை விளக்கைப் போட்டால் அவருக்குக் கண் கூசி, அணைத்ததும் சில நொடிகள் ஒன்றும் தெரியாமல் தடுமாறுவார். குளியலறைக்கு ஐபி 44 அல்லது அதற்கு மேல் குறியிட்ட, நீர்த்துளி புகாத மூடிய விளக்கு; கண்ணாடிக்கு மேலும் ஒன்று தேவை, கூரை விளக்கு மட்டும் இருந்தால் முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் படியும். வாசலிலும் மாடிப்படியிலும் இளமஞ்சளே போடுங்கள். வெள்ளை விளக்குக்கு மழைக்கால ஈசல் மொய்ப்பதைப் போல மஞ்சளுக்கு அவ்வளவாக மொய்க்காது. ஈசல் குறைந்தால் பல்லியும் குறையும். படிக்கு மேலும் கீழும் டூ-வே சுவிட்ச் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. மழைச் சாரல் படும் இடமென்றால் ஐபி 65.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பெட்டியில் லுமென் எண்ணே இல்லாமல் வாட் மட்டும் போட்ட பொருளைத் தொட வேண்டாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவைக் காட்டும் ஆர் என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். பல்புக்கு நட்சத்திர முத்திரையும் இருக்கும். கடையில் எரியவிட்டு, கைபேசி கேமராவை அருகில் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் பளிச்சென்று ஓடினால் உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதி, மட்டமானது; கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு மணிக்கணக்கில் படிப்பவருக்குத் தலைவலி தரும். டிரைவர் தனியாகக் கழற்றி மாற்றும்படி இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பெரும்பாலும் முதலில் போவது அதுதான். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில் சீக்கிரமே போகும். வெயிலில் கொதிக்கும் மேல்தளத்தில், காற்றுப் புகாத கண்ணாடிக் கிண்ணத்துக்குள் எல்இடி பல்பை அடைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் அதன் ஆயுள் பாதியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் பகுதிக்குக் கடல் காற்று எட்டும். இரும்புத் தகட்டு உடல் இரண்டு மழைக்காலத்தில் துருவேறிவிடும். பாலிகார்பனேட் அல்லது சூளையில் சுட்டுப் பெயின்ட் ஏற்றிய அலுமினியமே எடுங்கள்.

கடைசியாக ஒன்று, வரிசையில் முதலில் செய்ய வேண்டியது. முன் ஹாலின் வயரிங் கட்டிய காலத்தது என்றால் அதில் எர்த் கம்பியே இல்லாமல் இருக்கக்கூடும். உலோக உடல் கொண்ட விளக்கை எர்த் இல்லாமல் மாட்டக் கூடாது. விளக்கு வாங்குவதற்கு முன்பே ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் மிச்சமாகும் பணத்திலேயே இவ்வளவும் அடங்கும். சவுகார்பேட்டைப் பக்கம் மொத்தக் கடையில் வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும், பில்லில் மாடல் எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாண்டு வாரன்டி என்று வாயால் சொல்லிவிட்டு, விளக்கு போன பிறகு பில்லில் மாடல் இல்லை என்று திருப்பி அனுப்புவதுதான் அதிகம் நடக்கிறது.